அண்ணி கதைகளோடு போட்ட சண்டை

என் அண்ணி அம்சவல்லிக்கு ஒரு நாவலைச் சும்மா படிக்கத் தெரியாது. படிக்கப் படிக்க அதில் வருகிறவர்களோடு சண்டை போடுவாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு கையில் கரண்டியும் மறுகையில் புத்தகமுமாகப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "அடிப் பாவி, அவன்கிட்ட போயி அதைச் சொல்லாதடி!" என்று கத்துவாள். எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்றுதான் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் முதலில் நினைத்தார்கள்.

அண்ணி மலைக்குக் கீழே, பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்திருந்தாள். 1972-இல் என் அண்ணன் பக்கிரிசாமியைக் கட்டிக்கொண்டு ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், தங்கை ரத்தினமாகிய நான். அண்ணன் தேயிலை ஆலையில் இலை காய வைக்கும் பகுதியில் வேலை. நானும் அண்ணியும் கொழுந்து பறித்தோம். எங்கள் ஊர்க் குளிர் அண்ணிக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கீழே வெயிலில் வளர்ந்த உடம்பு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது இரண்டு சட்டை போட்டு, மேலே அண்ணனுடைய பழைய சுவெட்டரையும் மாட்டிக்கொண்டு, "இந்த ஊருல சூரியன் சம்பளமில்லாத லீவுல இருக்கா?" என்று கேட்பாள்.

அவள் கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் பாதி புடவை, பாதி புத்தகம். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, தைத்து, மேலே தடித்த அட்டை ஒட்டியவை சில. மற்றவை மட்டக் காகிதத்தில் அச்சடித்த நாவல்கள். பெட்டியில் இருந்ததைப் படித்து முடித்ததும், ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த இராமையாவிடம் வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தாள். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி அவர் நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார். எல்லாப் புத்தகத்திலும் கருவாட்டு வாசனை அடிக்கும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை என்றால் உயிர். முதலில் மருமகள் படிப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தவள், ஒரு மாதத்தில் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "ம்... அப்புறம் அவ என்னா ஆனா?" என்று கேட்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு நாவல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கப்பலுக்கு வேலைக்குப் போன புருஷன் பல வருஷம் கழித்து வேறொருத்தியோடு திரும்பி வருகிறான். காத்திருந்த மனைவி செம்பில் தண்ணீர் எடுத்துவந்து இருவர் காலையும் கழுவுகிறாள். அதோடு கதை முடிகிறது. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "உத்தமி" என்றாள்.

அண்ணி புத்தகத்தைத் தரையில் போட்டாள். "என்னா உத்தமி அத்தை? கிறுக்குப் புடிச்சவ. இத்தினி வருசமா வீட்டு வாடகை யாரு கட்டுனா? அவ தைச்சுப் போட்டுக் கட்டுனா. அவன் வந்தா அவ ஏன் கால் கழுவணும்? கதவ தொறந்ததே தப்பு."

"பொம்பளன்னா பொறுக்கணும்டி."

"பொறுக்கலாம் அத்தை. தண்ணி ஊத்தக் கூடாது."

வேலை முடிந்து வந்து கதவோரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "அப்ப நான் கப்பலுக்குப் போவல லா" என்றார். அண்ணி முறைத்தாள். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் முறை குழம்பு கிடைக்கவில்லை.

அப்படி இருந்தோம். 1974-இல் ஜெயா பிறந்தாள். கன்னம் குளிரில் எப்போதும் சிவந்து வெடித்திருக்கும். அண்ணி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கதை படிப்பாள். புத்தகத்தில் யாராவது அழும் இடம் வந்தால் ஜெயா தானும் உதட்டைப் பிதுக்குவாள். அம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

ஜெயாவுக்கு மூன்று வயது நடக்கும்போது, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் வந்தது. லேசான காய்ச்சல்தான். தோட்டத்து டிரசர் வீட்டுக்கே வந்து பார்த்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளை தூங்கியது. அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "தூங்குறாள்ல, அந்த மிச்சத்தப் படியேன், பொழுது போவட்டும்" என்று அம்மாதான் சொன்னாள். அண்ணி குழந்தையின் நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டே படித்தாள். நான் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தோட்டத்துத் துரையின் ஜீப் கீழே தாப்பாவுக்குப் போயிருந்தது. கோலா தெர்லாவுக்கு வெற்று லோரியோடு திரும்பிக்கொண்டிருந்த கந்தன் என்பவர் ரிங்லெட் சாலையில் அகப்பட்டார். அண்ணனும் அண்ணியும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறினார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முழங்கால்வரை சேற்றில் அந்தப் பக்கம் ஏறினார். அண்ணி பின்னால் போனாள். அங்கே நின்ற ஒரு சீனத் தோட்டக்காரர் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்.

அடுத்த நாள் மழை விட்ட நேரம் பார்த்து ஜெயாவை அடக்கம் செய்தோம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஆரம்பித்தாள். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே பேச்சு. "புத்தகம், புத்தகம்னு கெடந்தா. புள்ளைய எங்க பாத்தா? கதை படிச்சே என் பேத்திய வாரிக் குடுத்துட்டா." அண்ணி கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குவாள். அண்ணன் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்ப்பார். 

என்னால் பொறுக்க முடியவில்லை. "அன்னிக்கிப் படிக்கச் சொன்னதே நீதானம்மா" என்றேன். அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு கொல்லைப்புறம் போய் வாழை மரத்தடியில் நின்று வாய்விட்டு அழுதாள். ஆனால் மறுநாள் வந்தவர்களிடமும் அதே பேச்சைத்தான் பேசினாள்.

"நீங்க ஏன் அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று மலையில் கொழுந்து பறிக்கும்போது கேட்டேன்.

"அத்தைக்கு யாரையாச்சும் திட்டணும்லா. புத்தகந்தான் திருப்பித் திட்டாது."

"உங்களையுந்தானே திட்டுது?"

அண்ணி கூடையில் கொழுந்தை எட்டிப் போட்டாள்.

ஜெயா போன அன்றோடு படிப்பதை விட்டாள். பெட்டி பூட்டியபடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எங்கள் ஊர் ஈரத்துக்குப் பூட்டி வைத்த எதுவும் தப்பாது. ஒருநாள் புடவை எடுக்கத் திறந்தபோது புத்தகங்களின் மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. தட்டக்கூட இல்லை. புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டாள்.

அண்ணன் ஆலை வேலையை விட்டார். கந்தனின் லோரியிலேயே கிலிண்டானாக, அதாவது சாமான் ஏற்றி இறக்கும் உதவியாளாக, சேர்ந்துகொண்டார். கோலா தெர்லாவில் கோபீசு என்கிற முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றினால் ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விடுவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில். வந்தாலும் பசியாறினாயா, மழை பெய்ததா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். உண்டாகவில்லை.

1979-இல் அம்மா படுக்கையில் விழுந்தாள். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. அண்ணிதான் எல்லாம் செய்தாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பீத்துணி அலசினாள். ஒருமுறைகூட முகம் கோணவில்லை. ஒருநாள் சாயங்காலம் அம்மா குழறிய வாயால், "வல்லி... எதாச்சும் படிச்சிக் காட்டேன்" என்றாள்.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். 

"கண்ணு செரியாத் தெரியல அத்தை" என்றாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியை எட்டி நின்றே பார்த்துவிடுவாள்.

அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த வருஷ முடிவில் போய்ச் சேர்ந்தாள். அண்ணி ஏன் அன்றைக்குப் படிக்கவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அம்மா போன பிறகு வீடு இன்னும் மோசமாகிவிட்டது. அண்ணன் இல்லாத நாட்களில் நானும் அண்ணியும் மட்டும். சாப்பிடும் சத்தமும் ஓட்டில் மழை விழும் சத்தமுந்தான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. ஒருநாள் ரிங்லெட்டுக்குப் போனவள், இராமையா கடையில் ஏதோ ஒரு நாவலை உருவிக்கொண்டு வந்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"நி... நிலவ... நிலவழகு..."

அண்ணி ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"...பார்த்து அவள் மெய்ம... மெய்ம்மரந்தாள்."

"மறந்தாள்." முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "பெரிய ற. மெய்ம்மரந்தாளாம். கேக்க சகிக்கல, குடு இங்க."

மாவுக் கையோடு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பழையபடி சண்டை எல்லாம் போடவில்லை. அமைதியாகப் படித்தாள். கேட்டால் கதை சொன்னாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று கொண்டுவந்தேன். அப்படித்தான் அந்த நாவலும் வந்தது. அதில் ஒரு இளம் தாய் தன் மகனைப் பாம்புக்குப் பறிகொடுக்கிறாள். மாதக் கணக்கில் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடக்கிறாள். அவளோடு சேர்ந்து காற்று அழுததாம், நிலா அழுததாம், முற்றத்து முல்லை பூக்க மறந்ததாம். அதை அண்ணி படித்துக் காட்டிய சாயங்காலம் அண்ணன் வீட்டில் இருந்தார். தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி பாதியில் நிறுத்தினாள்.

"பொய்" என்றாள். ஜெயா போன பிறகு அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "இத எழுதுனவன் புள்ளைய பறிகுடுத்தவன் இல்ல. காத்து எங்க அழுவுது? அன்னிக்கி ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வந்தப்ப வெயில் அடிச்சிச்சு. அத்தினி நாளா இல்லாத வெயிலு. எதுத்தாப்புல ஒருத்தன் தள்ளுவண்டியில மீ கொளம்பு வித்துக்கிட்டு நின்னான்."

அண்ணி அந்தப் பக்கத்தை விரலால் தட்டினாள்.

"அன்ன ஆகாரம் இல்லாம கெடந்தாளாம். நான் கெடக்கல ரத்தினம். புள்ளைய பொதைச்சிட்டு ஆம்பளைங்க எல்லாம் வந்து குளிச்சிக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பசிச்சிச்சு. எப்பிடிப் பசிச்சிச்சுன்னா, கண்ணு இருட்டுற மாதிரி. சமையக்கட்டுல முந்துன நாளு சோறு இருந்துச்சு, நெத்திலி சம்பல் இருந்துச்சு. கதவச் சாத்திக்கிட்டு நின்னவாக்குல அள்ளி அள்ளித் தின்னேன். காரம் நல்லா இருந்துச்சு. அத்தை என்னைப் புத்தகத்த வெச்சுத் திட்டுறப்பல்லாம், இவங்க இத மட்டும் பாத்திருந்தா என்னா சொல்லிருப்பாங்கன்னு நெனச்சிக்குவேன். அதான் வாயத் தொறக்கல. நான் தாயான்னு எனக்கே தெரியல."

அண்ணனின் கை தட்டில் அப்படியே நின்றது. பிறகு அவர் பேசினார். என்னைப் பார்த்தும் பேசவில்லை, அண்ணியைப் பார்த்தும் பேசவில்லை.

"லோரியிலயே போயிருச்சு" என்றார்.

அண்ணி நிமிர்ந்தாள்.

"மண்ணு சரிஞ்ச எடத்துக்கு முன்னாடியே. கம்பளிக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்சிருச்சு. சொன்னா நீ அந்த மழையில அங்கயே உக்காந்துருவேன்னு பயம். அதான் தூங்குறாள்னு சொன்னேன். சேத்துல தூக்கிட்டுப் போனப்பவும் தெரியும். அந்தச் சீனன் அவ்வளோ வேகமா வேன ஓட்டுறான், மெதுவாப் போன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரல. அம்மா உன்னைத் திட்டுறப்ப, நான் ஒனக்குப் பொய் சொன்னவன், எந்த வாயால பேசறதுன்னு இருந்துட்டேன்."

"எனக்குந் தெரியுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளைப் பார்த்தார்.

"மடியில வெச்சிருந்தவளுக்குத் தெரியாதா? கந்தன் அண்ணன் கியர் மாத்துறப்ப ஒரு தடவ ஒடம்பு ஆடுச்சு பாருங்க, அப்பவே தெரியும். நீங்க தூங்குறாள்னு சொன்னீங்க. சரி, இவருக்காச்சும் ஆஸ்பத்திரி வரைக்கும் தெரியாம இருக்கட்டும்னுதான் நானும் பின்னாடியே வந்தேன்."

அண்ணன் எழுந்து கை கழுவாமலே வெளியே போய்விட்டார். மூடுபனியில் அவர் இருமும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி அவர் தட்டை எடுத்து மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போட்டாள். பிறகு அந்த நாவலை எடுத்து, எந்தப் பக்கத்தில் விட்டாள் என்று தேடி, கடைசிவரை படித்து முடித்தாள். "கடைசியில அவளுக்கு இன்னொரு புள்ள பொறக்குது. எல்லாம் மறந்துட்டாளாம்" என்று என்னிடம் சொன்னாள். திட்டக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. அண்ணன் கொஞ்சம் கூடுதலாக வீட்டில் தங்கினார். இரண்டு பேரும் கொல்லையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து பழைய தேயிலைக் கட்டைகளை விறகுக்கு உடைப்பார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கச் சங்கடப்பட்டார்கள். மற்றவருக்கு எல்லாம் தெரியும் என்பதே பாரமாகிவிட்டதோ என்னவோ.

ஒருமுறை ஈப்போவில் ஒரு புத்தகக் கடையில் புதிய நாவல் ஒன்று வாங்கிவந்தேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றியது. எழுதியவளும் ஒரு பெண்தான். அதில் சாவு வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, அந்தப் பெண் பின்பக்கம் போய்ப் பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிடுகிறாள். இரண்டே வரிதான். எழுதியவள் அதற்கு ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அண்ணிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன்.

அந்த இடம் வந்ததும் அண்ணி படிப்பதை நிறுத்திவிட்டாள். திரும்பத் திரும்ப அந்த இரண்டு வரியையே பார்த்தாள். "இவளுக்கு யாரு சொன்னா?" என்றாள். பயந்துபோய்க் கேட்டதுபோல் இருந்தது.

"யாரும் சொல்லல அண்ணி. அவளா எழுதியிருக்கா."

"அப்ப அவளும் தின்னுருக்கா." புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பிள்ளை போன அன்று, அடக்கத்தன்று, எதற்கும் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டாள். வெகுநேரம் ஆனது ஓய. "நல்ல புத்தகம்" என்றாள் எழுந்து. "ஆனா வீட்டுல வேணாம். கொண்டு போயிரு."

எனக்குக் கல்யாணமாகி 1983-இல் திரிங்காப் வந்தேன். வீட்டுக்காரருக்கு மலைச்சரிவில் கொஞ்சம் பூந்தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அண்ணியைப் பார்க்கப் போவேன். 85-ஆம் வருஷம் போகப் போக அண்ணி மெலிந்துகொண்டே வந்தாள். கேட்டால், வயசாகுது லா என்பாள். நாற்பதுகூட ஆகவில்லை. உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தாள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது படிக்க ஏதாவது கொண்டுவரச் சொன்னாள். சென்னையில் ஒரு பெரிய பங்களா, சொத்துக்காக அண்ணன் தம்பிகளுக்குள் சூழ்ச்சி, ஒரு கொலை என்று தடித்த நாவல் ஒன்றைக் கொண்டுபோனேன். கையில் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. வயிற்றின் மேல் தலையணை வைத்து, அதன் மேல் சாய்த்துப் படித்தாள். அடுத்த முறை போனபோது எப்படி இருக்கிறது கதை என்று கேட்டேன்.

"இந்த வீட்டுல யாரு ரத்தினம் பாத்திரம் கழுவுறா? பாதிக்கு மேல வந்துட்டேன். விருந்து விருந்தாத் திங்கிறாங்க. ஒருத்தரும் கழுவல. ஒரு வேலைக்காரி வர்றா, அவளும் ஒட்டுத்தான் கேக்குறா."

அண்ணன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "கழுவலாம், பொறுத்துப் படி" என்றார்.  அண்ணி புத்தகத்தை மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த நாவலை அவள் முடிக்கவில்லை. 1986 மார்ச்சில், அண்ணன் கீழே கோப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர் யாரும் இனி அந்த வீட்டில் இல்லை என்பதால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். காலி செய்ய நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பெட்டியைத் திறந்தால், பழைய புத்தகங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிக் கிடந்தன. ஒரு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தேன். கையோடு மாவாக வந்தது. அண்ணன் அவற்றைக் கொல்லையில் குழி வெட்டிப் போட்டு மூடினார். எரிக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். "ஈரம், எரியாது" என்றார் அண்ணன்.

அண்ணி போன பிறகு லோரி வேலையையும் விட்டுவிட்ட அண்ணன் இப்போது எங்களோடு திரிங்காப்பில் இருக்கிறார். பூக்களைக் காகிதத்தில் சுற்றிக் கட்டித் தருவார். கந்தனின் லோரி பூ ஏற்ற வரும்போது மட்டும் வீட்டுக்குள் போய்விடுவார், லோரி கிளம்பிய பிறகுதான் வெளியே வருவார். நான் இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். கதையில் வருகிறவர்களைத் திட்ட எனக்கு வராது. ஏதாவது ஒரு இடத்தில் நிறுத்தி, அண்ணி இதற்கு என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிப்பேன். பல நேரம் ஒன்றும் தோன்றாது. பக்கத்தைப் புரட்டிவிட்டு மேலே படிப்பேன்.